பழைய லேசர் பாய்ப்படகைத் தேத்தி மறுபடி கடல்ல இறக்குறது எப்படி: முழு வழிகாட்டி

கிளப் சுவரோரமா கவுத்துப் போட்டு, மேல சருகும் காக்கா எச்சமும் படிஞ்சு கிடக்குற பழைய லேசர் ஒண்ணு மலிவா வருதுன்னா யோசிச்சிட்டே இருந்து விட்றாதீங்க, அதுக்காக யோசிக்காம வாங்கிட்டும் வராதீங்க. வெளிய பாக்க பளபளன்னு இருக்குற ஹல்லுக்குள்ள (ஹல்னா படகோட உடம்பு) ஒரு குடம் தண்ணி நிக்கும், பாக்கவே பரிதாபமா இருக்குறது ரெண்டு வாரம் காய வெச்சா ஜம்முனு ஓடும். எதைப் பாக்கணும், எதுக்கு முதல்ல காசு போடணும்னு தெரிஞ்சா போதும். பெரும்பாலானவங்க முதல் காசைப் புதுப் பாய்க்கும் கார்பன் டில்லருக்கும் (சுக்கானைத் திருப்புற கைப்பிடி) போட்றாங்க, என்னைக் கேட்டா அது ரெண்டும் கடைசி. தண்ணி உள்ள போற ஓட்டை, மாஸ்ட் (பாய்மரம்) உக்கார்ற குழி, கயிறு. இந்த வரிசையில போங்க.

லேசர் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். ஒரே ஆள் ஓட்டுற, ஒரே ஒரு பாய் இருக்குற சின்னப் படகு. புரூஸ் கர்பிங்கிற கனடாக்காரர் 1969ல வரைஞ்சது, 1971 ஜனவரியில நியூயார்க் போட் ஷோவுல மக்கள் முன்னாடி வந்துச்சு, இதுவரைக்கும் ரெண்டு லட்சத்துக்கும் மேல செஞ்சிருக்காங்க. 1996 அட்லாண்டாவுல இருந்து ஒலிம்பிக்ஸ்ல இருக்கு. இப்போ அதிகாரப்பூர்வமா ஐஎல்சிஏன்னு பேர் (இந்தப் படகுக்கான உலகச் சங்கத்தோட சுருக்கப் பேர் அது), ஆனா வாய்ல இன்னும் லேசர் தான் வருது. நம்ம சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ரெண்டு ஒலிம்பிக்ஸ்லயும் ஓட்டினது இந்த ஹல்லைத் தான், வேலூர்ல பொறந்த விஷ்ணு சரவணன் ஹாங்சோ ஏசியன் கேம்ஸ்ல வெண்கலம் வாங்கினதும் இதுலயே தான். இந்தப் படகுல எனக்குப் பிடிச்ச விஷயம், எல்லாமே ஒரே அச்சு. முப்பது வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச ஹல்லுல இன்னிக்குக் கடையில வாங்குற பூம் (பாயோட அடியைப் பிடிக்குற கம்பு), டேகர்போர்டு (நடுவுல தண்ணிக்குள்ள இறக்குற பலகை), கிளீட் (கயிறைக் கவ்விப் பிடிக்குறது) எல்லாம் அப்படியே உக்காரும். வேற பழைய டிங்கியா இருந்தா பாதி பார்ட்ஸை நாமளே செஞ்சுக்க வேண்டியிருக்கும்.

அளவுங்க: நீளம் 4.2 மீட்டர் சொச்சம், அகலம் 1.4 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, வெறும் ஹல் 59 கிலோ. கடைசி நம்பரை மனசுல வெச்சுக்கங்க, கீழ வேலை இருக்கு.

வாங்குறதுக்கு முன்னாடி

ஒரு பாத்ரூம் வெயிங் மெஷின் எடுத்துட்டுப் போங்க. விக்கிறவர் ஒரு மாதிரி பாப்பார், பரவாயில்ல. ஹல்லுல இருக்குற லூஸ் சாமான் எல்லாத்தையும் கழட்டிட்டு, பின்னாடி டிரெயின் பிளக்கைத் திறந்து தண்ணி இருந்தா வடிய விட்டுட்டு, முன் முனைக்குக் கீழ மெஷினையும் பின் முனைக்குக் கீழ அதே உயரத்துக்கு ஒரு கட்டையையும் வெச்சு எடை பாருங்க, அப்புறம் ரெண்டையும் இடம் மாத்தி பாருங்க, ரெண்டையும் கூட்டினா ஹல்லோட எடை. 59ல இருந்து 62 வரைக்கும் வந்தா சந்தோஷமா வாங்கலாம். 65, 66னா உள்ள ஈரம் ஊறி இருக்கு, காய வைக்கலாம், ஆனா விலையில குறைச்சுக் கேளுங்க. 70 தாண்டுச்சுன்னா உள்ள இருக்குற மிதவை ஃபோம் கட்டைங்க தண்ணி குடிச்சிருக்குன்னு அர்த்தம், அதை வெளிய எடுக்காம எடை குறையாது.

அடுத்து குதிகாலால மிதிச்சுப் பாக்குறது. காக்பிட்டுக்கு (கால் வைக்குற பள்ளம்) ரெண்டு பக்கமும் நாம உக்கார்ற டெக் பகுதி, அப்புறம் மாஸ்ட் குழியைச் சுத்தி. டெக்குக்குள்ள ஃபோம் வெச்ச சாண்ட்விச் கட்டு இருக்கும், மேல கண்ணாடி நார், நடுவுல ஃபோம், கீழ மறுபடி கண்ணாடி நார். அது பிரிஞ்சிருந்தா மிதிக்கும்போது லேசா அமுங்கும், சில சமயம் சரக் சரக்குன்னு சத்தமும் வரும். உள்ளங்கை அளவு இடம்னா சரி பண்ணிடலாம். ரெண்டு பக்கமும் முழுசா அமுங்குதுன்னா வேற படகு பாருங்க.

மூணாவது டெஸ்ட்டு தான் ரொம்ப முக்கியம். படகை மட்டமா வெச்சு மாஸ்ட் குழிக்குள்ள விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்துங்க. டெக் மட்டத்துல பென்சிலால ஒரு கோடு. அப்புறம் விக்கிறவரோட ஒரு டீ குடிச்சிட்டு, அரை மணி நேரம் கழிச்சு வந்து பாருங்க. கோட்டுக்குக் கீழ இறங்கியிருந்தா குழி ஒழுகுது, அந்தத் தண்ணி ஹல்லுக்குள்ள தான் போயிருக்கு. அதுக்கப்புறம் மாஸ்ட்டோட கீழ்த்துண்டைச் சொருகி முன்னும் பின்னும் ஆட்டுங்க, இன்னொருத்தர் டெக்குல குழியைச் சுத்தி கை வெச்சுப் பாக்கட்டும். டெக்கும் சேந்து அசையுதுன்னா உள்ள ஒட்டு விட்டிருக்கு. இதை விட்டுட்டு பலமா காத்தடிக்குற நாள்ல கடல்ல இறங்கினீங்கன்னா மாஸ்ட் டெக்கைப் பிளந்துட்டு சாயும், லேசர் கதை முடியுறது பாதிக்குப் பாதி இப்படித்தான்.

உள்ள இருக்குற ஈரத்தை வெளியேத்துறது

சென்னையில இந்த வேலைக்கு பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் நல்ல காலம். அக்டோபர்ல ஆரம்பிச்சீங்கன்னா வடகிழக்குப் பருவமழை முடியுற வரைக்கும் எதுவும் காயாது, ஒட்டுறதுக்குப் போடுற எப்பாக்ஸி ரெசின் மேல பிசுபிசுன்னு ஒரு படலம் வேற கட்டும்.

மாஸ்ட் குழிக்குப் பின்னாடி, கொஞ்சம் ஒரு பக்கமா தள்ளி, டெக்குல ஆறு இஞ்ச் இன்ஸ்பெக்‌ஷன் போர்ட் ஒண்ணு போடுங்க. படகுல ஓட்டை போடவான்னு கை நடுங்கும், ஆனா கிளாஸ் ரூல்ஸ்லயே (லேசர் ரேஸுக்கான விதிங்க) அனுமதி உண்டு, இது இல்லாம மாஸ்ட் குழி அடியைத் தொடவே முடியாது. வெட்டுறதுக்கு முன்னாடி டெக்குல முழங்கை வரைக்கும் கையை வெச்சு அளந்து, எங்க வெட்டினா குழியோட அடிக்குக் கை எட்டும்னு பாத்துட்டு வெட்டுங்க. மூடி மரையோட வர்ற தண்ணி புகாத மூடியா இருக்கணும்.

வெட்டினதும் ஒரு டேபிள் ஃபேனை அந்த ஓட்டை மேல வெச்சு காத்து உள்ள போற மாதிரி விடுங்க, பின்னாடி டிரெயின் ஓட்டை திறந்திருக்கட்டும். காத்து முன்னாடி புகுந்து பின்னாடி போகணும். வாரம் ஒருக்கா எடை போட்டு எழுதி வைங்க, எடை இறங்குறது நின்னதும் போதும். ஃபோம் கட்டை ஊறிப் போயிருந்தா ரம்பத்தால துண்டு துண்டா அறுத்து போர்ட் வழியா எடுத்துட்டு, அதே அளவு கொள்ளளவுக்கு காலி பிளாஸ்டிக் கேன்களை மூடி இறுக்கி உள்ள அடுக்கிக் கட்டுங்க. மிதவை இல்லாம மட்டும் விட்றாதீங்க, ஹல் உடைஞ்சா படகு மூழ்காம உங்களைத் தாங்குறது அது தான்.

காய வைக்கிறேன்னு எல்லா ஓட்டையையும் மூடிட்டு ஹல்லை வெயில்ல போடாதீங்க. உள்ள காத்து சூடாகி விரிஞ்சு டெக்கும் ஹல்லும் ஒட்டுற விளிம்பையே பிரிச்சிடும். அதுக்காகத் தான் காக்பிட்டோட முன் சுவர்ல, டெக் உதட்டுக்குக் கீழ, சின்னதா ஒரு மூச்சு ஓட்டை வெச்சிருக்காங்க. இது ஏதோ தப்பா விழுந்த ஓட்டைன்னு நினைச்சு புட்டி வெச்சு அடைச்ச படகு நிறைய பாக்கலாம். குண்டூசியால குத்தித் திறந்து விடுங்க.

ஒழுகுற இடத்தைக் கண்டுபிடிக்குறது

மூச்சு ஓட்டையை டேப்பால தற்காலிகமா மூடுங்க. டிரெயின் ஓட்டையில ஒரு டியூபைச் சொருகி சுத்தி டேப் ஒட்டி, வாயால ஊதுங்க, இல்ல சைக்கிள் பம்பால மெதுவா அடிங்க. கம்ப்ரசர் கிட்டவே போகாதீங்க, பஞ்சர் கடையில குடுக்குற அழுத்தம் ஹல்லைப் பலூன் மாதிரி ஊதிப் பிளந்துடும். ஒருத்தர் ஊத, இன்னொருத்தர் பெயின்ட் பிரஷ்ஷால சோப்புத் தண்ணியைத் தடவிட்டே வரணும். விளிம்பு முழுக்க, காக்பிட் தண்ணியை வெளியேத்துற பெயிலரைச் சுத்தி, டேகர்போர்டு பெட்டியோட மேலயும் கீழயும், சுக்கான் மாட்டுற பிடியோட ஸ்குரூ ஒவ்வொண்ணுலயும், கைப்பிடி ஸ்குரூலயும். நுரை பொங்குற இடத்துல மார்க்கர் பேனாவால வட்டம் போடுங்க. வேலை முடிஞ்சதும் மூச்சு ஓட்டை டேப்பை உரிச்சிடுங்க, இதை மறக்குறவங்க தான் அதிகம்.

விளிம்பு பிரிஞ்சிருந்தா ஹேக்சா பிளேடால உள்ள இருக்குற பழைய பசையைச் சுரண்டி, காய வெச்சு, கெட்டியாக்கின எப்பாக்ஸியை உள்ள திணிச்சு, ஜி கிளாம்ப் வரிசையா போட்டு ஒரு ராத்திரி விடுங்க. கிளாம்ப்புக்கும் ஹல்லுக்கும் நடுவுல பாலிதீன் தாள், இல்லேன்னா கிளாம்ப்பும் படகோட பார்ட் ஆகிடும்.

ஸ்குரூ வழியா ஒழுகுறது தான் பழைய லேசர்ல சகஜம். கைப்பிடி, மெயின்ஷீட் பிளாக் (பாயை இழுத்துப் பிடிக்குற கயிறு ஓடுற கப்பி), ஹைக்கிங் ஸ்ட்ராப் (வெளிய சாயும்போது காலை மாட்டுற பட்டை) இதெல்லாம் மாட்டுற இடத்துல டெக்குக்கு அடியில மரத்துண்டு வெச்சிருப்பாங்க, வருஷக்கணக்கா தண்ணி பட்டு அது மக்கிப் போய் ஸ்குரூ சும்மா சுத்தும். பெரிய ஸ்குரூ போட்டு சமாளிக்காதீங்க. ஓட்டையைப் பெருசாக் குடைஞ்சு, மக்குன மரத்தைத் தோண்டி எடுத்து, கெட்டி எப்பாக்ஸியால நிரப்பி, இறுகினதும் நடுவுல புதுசா துளை போட்டு ஸ்குரூ முடுக்குங்க. மெயின்ஷீட் பிளாக்குக்குக் கை எட்டுச்சுன்னா அடியில பெரிய வாஷரும் நட்டும் போட்டு போல்ட்டா மாத்திடுங்க, அது மேல விழுற இழுப்பு அப்படி. சீல் பண்ண பாலியுரித்தேன் சீலன்ட் வாங்குங்க. பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம், அது பட்ட இடத்துல அப்புறம் எந்தப் பெயின்ட்டும் ஒட்டாது.

மாஸ்ட் குழி: இங்க அவசரப்படாதீங்க

இந்த வேலைக்கு எப்பாக்ஸி தான். பாலியெஸ்டர் ரெசின் விலை கம்மி, மீன்பிடி ஃபைபர் போட்டு எல்லாம் அதுல தான் செய்றாங்க, ஆனா பழைய கட்டு மேல ஒட்டிப் பிடிக்குற பலம் எப்பாக்ஸிக்கு ஒரு படி மேல.

இன்னொரு விஷயம், கடையில மேட்டுன்னு கேட்டா தர்ற வெட்டு நார் விரிப்பை எப்பாக்ஸியோட போடாதீங்க. அந்த நாரையெல்லாம் பிடிச்சு வெச்சிருக்குற பசை பாலியெஸ்டர்ல இருக்குற ஸ்டைரின்ல தான் கரையும், எப்பாக்ஸியில கரையாம வெள்ளை வெள்ளையா திட்டு நிக்கும். நெசவு கிளாத்தா கேட்டு வாங்குங்க.

ஹல்லை நிமித்தி வெச்சுட்டு போர்ட் வழியா கையை விட்டா, குழாயோட அடி ஹல்லோட சேர்ற இடத்துல மொத்தையா ஒரு வளையம் தட்டுப்படும். விரல் நகத்தால சுத்திலும் கீறிப் பாருங்க, விரிசல் இருந்தா நகம் மாட்டும். பொடியா உதிர்றது எல்லாத்தையும் சுரண்டி எடுங்க. 60 நம்பர் உப்புத்தாளை விரல்ல சுத்திக்கிட்டு குழாயோட அடிப்பக்கம் நாலு விரல் உயரத்துக்கும், ஹல் தரையில சுத்தி அதே அளவுக்கும் நல்லா சொரசொரப்பாகுற வரைக்கும் தேய்ங்க. கண்ணுக்குத் தெரியாம கையாலயே செய்ற வேலை, ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் இருந்தா உதவும். தூசியை வேக்கம்ல உறிஞ்சி, அசிட்டோன் துணியால துடைச்சு, ஆவியாக விடுங்க.

அப்புறம் எப்பாக்ஸியில சிலிக்கா பொடி கலந்து வேர்க்கடலை பட்டர் பதத்துக்குக் கொண்டு வந்து, குழாயும் தரையும் சேர்ற மூலையில சரிவா வழிச்சு விடுங்க. அது லேசா ஒட்டுற பதத்துல இருக்கும்போதே கிளாத் பட்டைங்களை ரெசின்ல நனைச்சு ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏறுற மாதிரி குழாயைச் சுத்தி ஒட்டிட்டே வாங்க. மூணு அடுக்கு போதும். கையுறை ரெண்டு ஜோடி ஒண்ணு மேல ஒண்ணா போட்டுக்கங்க, மேல இருக்குறது பிசுபிசுத்ததும் உருவிப் போட்டுட்டு வேலையைத் தொடரலாம்.

குழிக்கு உள்பக்கமும் பாக்கணும். மணல் தான் இங்க எமன். மாஸ்ட் அடியில ஒட்டிட்டு வர்ற மணல், படகு ஆட ஆட குழியோட தரையை அரைச்சு அரைச்சு ஓட்டை போட்டுடும், மெரினா மாதிரி மணல்ல வெச்சு மாஸ்ட், பாய் மாட்டுறவங்களுக்கு இன்னும் சீக்கிரம். கட்டையில உப்புத்தாள் சுத்தி உள்ள தரையைத் தேய்ச்சு, வட்டமா வெட்டின கிளாத் ரெண்டு அடுக்கு நனைச்சு ஒரு குச்சியால அடியில அமுக்குங்க. அதுக்கு மேல போகாதீங்க, தரை உசந்தா மாஸ்ட் சரியா உக்காராது. பக்கச் சுவர்ல ரெசின் வழிஞ்சு கட்டியாகாம பாத்துக்கங்க, வழிஞ்சா மாஸ்ட் உள்ளயே போகாது. நல்லா இறுகின பிறகு தேய்மானத்துக்குன்னே விக்குற வழுவழு பிளாஸ்டிக் வட்டு ஒண்ணு உள்ள போட்டு விடுங்க. ஒரு வாரம் பொறுத்து அந்தத் தண்ணி டெஸ்ட்டை மறுபடி செய்ங்க. இனிமே ஒவ்வொரு தடவை மாஸ்ட் சொருகுறதுக்கு முன்னாடியும் குழிக்குள்ள நல்ல தண்ணி ஊத்தி மணலை அலசி, துணியால எடுத்துடுங்க.

ஹல்லோட மேல் வேலை

கீறலுக்கும் சிலந்தி வலை மாதிரி விரிசலுக்கும் ஜெல்கோட் (ஹல்லோட வெளிப்பூச்சு). சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் கெமிக்கல் கடைங்கள்ல ரெசினும் கிடைக்கும், ஜெல்கோட்டும் கிடைக்கும். காசிமேடு, கோவளம் பக்கம் ஃபைபர் போட்டு ரிப்பேர் பண்றவர் யாரையாவது பழகி வெச்சுக்கங்க, எந்த வெயில்ல எவ்ளோ ஹார்ட்னர்னு டப்பாவுல எழுதியிருக்குறதை விட அவங்களுக்கு நல்லாத் தெரியும். மேட்டைப் போட்டு ரோலரால அவங்க குமிழியை விரட்டுறதை ஒரு தடவை பக்கத்துல நின்னு பாருங்க, நடுவுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா, அழுத்தாம, திரும்பத் திரும்ப, வெள்ளை போய் கண்ணாடியாத் தெரியுற வரைக்கும்.

பாலியெஸ்டர்ல ரெண்டு மருந்து இருக்கு, கொபால்ட்டும் எம்இகேபி ஹார்ட்னரும். ரெண்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கூடாது, வெடிக்கும். கொபால்ட்டை முதல்ல ரெசின்ல கலக்கி முடிச்ச பிறகு தான் ஹார்ட்னர். நிறைய கடையில கொபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினா தான் தருவாங்க, கேட்டுக்கங்க. ஹார்ட்னர் பொதுவா 1ல இருந்து 2 சதவீதம், நம்ம ஊர் வெயிலுக்கு 1 பக்கமே நில்லுங்க. காலையில வெயில் ஏறுறதுக்குள்ள, ஒரு டீ கப் அளவா கலந்து செய்ங்க. மத்தியானம் ஒரு லிட்டர் கலந்தா டப்பாவுக்குள்ளயே கொதிச்சு கல்லாகிடும்.

விரிசலை அப்படியே பூசி மறைக்காம, முக்கோண ஸ்கிரேப்பரால வி மாதிரி திறந்து விட்டு ஜெல்கோட்டை நிரப்பி, மேல ஓஎச்பி ஷீட் மாதிரி வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளை ஒட்டி விடுங்க. காத்து பட்டா ஜெல்கோட்டோட மேல்பரப்பு பிசுபிசுப்பாவே நிக்கும், தாள் மூடினா இறுகும். அப்புறம் 240, 400, 800னு தண்ணி விட்டுத் தேய்ச்சு, கடைசியா காருக்குப் போடுற ரப்பிங் காம்பவுண்ட். எப்பாக்ஸி பூசின இடத்து மேல மட்டும் ஜெல்கோட் சரியாப் பிடிக்காது, அங்க டூ பேக் பாலியுரித்தேன் பெயின்ட் அடிங்க. ரேஸ் ஓட்டுற எண்ணம் இருந்தா ஹல்லோட உருவத்தை மாத்துற மாதிரி எதையும் தேய்க்கவோ ஏத்தவோ கூடாது, பழைய வடிவத்துக்குக் கொண்டு வர்றது மட்டும் தான் ரிப்பேர்.

அமுங்குற டெக்குக்கு, அந்த இடத்துல சின்னச் சின்னதா துளை போட்டு, ஊசி சிரிஞ்சால தண்ணியா இருக்குற எப்பாக்ஸியை ஏத்தி, மேல பாலிதீன் தாள், அதுக்கு மேல பலகை, அதுக்கு மேல நாலு செங்கல். கண்ணாடி நார் தூசி பறக்கும்போது மாஸ்க்கும் முழுக்கை சட்டையும் இல்லாம நிக்காதீங்க, ராத்திரி பூரா சொறிஞ்சிட்டு இருப்பீங்க.

மாஸ்ட், பூம்

மாஸ்ட் ரெண்டு துண்டு அலுமினியம். மேல்துண்டோட அடியில ஒரு பிளாஸ்டிக் காலர், அதைப் பிடிச்சு ஒரு ரிவெட். மேல்துண்டு உடையுறது எப்பவும் அந்த ரிவெட் ஓட்டையில தான். காத்துல மாஸ்ட் நுனி பின்னாடி வளையும்போது முன்பக்கம் இழுபடும், ஓட்டை முன்பக்கம் இருந்தா அங்கயே விரிசல் விடும். அதனால ரிவெட் பின்பக்கம் பாத்த மாதிரி மாட்டுங்க. பழைய மேல்துண்டை ரோட்டு மேல உருட்டாம வழவழப்பான தரையில உருட்டிப் பாருங்க, நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா வளைஞ்சிருக்கு. ரெண்டு உறுதியான கட்டைக்கு நடுவுல துணி சுத்தி வெச்சு கொஞ்சம் கொஞ்சமா எதிர்ப்பக்கம் அமுக்கினா நிமிரும். 2017ல இருந்து ஃபைபர்ல செஞ்ச மேல்துண்டுக்கும் அனுமதி உண்டு, வளையுற தொல்லையே இல்ல. மேம்படுத்துறதுல எனக்கு உருப்படியா தோணுற பெரிய செலவு இது ஒண்ணு தான்.

பூம்ல வேங் (பூமைக் கீழ இழுத்துப் பிடிக்குற கயிறு) மாட்டுற இடத்தைச் சுத்தி வெள்ளைப் பொடி பூத்திருக்கான்னு பாருங்க. ஸ்டெயின்லெஸ் ரிவெட்டும் அலுமினியமும் உப்புத் தண்ணியில சேந்தா அலுமினியம் அரிக்கும். பூம் ரெண்டா மடியுறது அங்க தான். அரிச்சது கம்மின்னா ரிவெட்டைக் குடைஞ்சு எடுத்து, சுத்தம் பண்ணி, நடுவுல அரிப்புத் தடுக்குற பேஸ்ட் தடவி புது ரிவெட் அடிங்க.

இன்னொண்ணு, உங்க எடை. பெரிய பாய் 7.06 சதுர மீட்டர், அது 75, 80 கிலோ ஆளுக்கு. அதுக்குக் கீழ இருந்தா கீழ்த்துண்டையும் பாயையும் மட்டும் மாத்திட்டா அதே படகு ஐஎல்சிஏ 6 ஆகிடும், பாய் 5.76 சதுர மீட்டர். இன்னும் சின்னவங்களுக்கு 4.7. மேல்துண்டு, பூம், ஹல் எல்லாம் அதே தான்.

கயிறுங்க: குடுத்த காசுக்கு முழுப் பலன் இங்க

பழைய லேசர்ல வேங்கை இறுக்க ரெண்டு காலையும் மாஸ்ட்டுக்கு முட்டுக் குடுத்து இழுக்கணும். 2001ல கிளாஸ் ரூல்ஸ் மாறி, பல கப்பிங்க வெச்ச புது வேங், டெக்குல கிளீட்டுக்கு வர்ற கன்னிங்ஹாம் (பாயோட முன் ஓரத்தைக் கீழ இழுக்குற கயிறு), அவுட்ஹால் (பாயோட அடியைப் பூம் நுனிக்கு இழுக்குற கயிறு) எல்லாத்துக்கும் அனுமதி குடுத்தாங்க. புது வேங் 15க்கு 1 வரைக்கும் இழுப்பைக் குறைக்கும், ஒரு கையால உக்காந்த இடத்துல இருந்தே இறுக்கலாம். பழைய படகை வெச்சிருக்கீங்கன்னா இந்த ஒரு கிட்டைப் போட்டதும் வேற படகு ஓட்டுற மாதிரி இருக்கும். டெக் பிளேட்டுங்க பழைய ஸ்குரூ ஓட்டைங்கள்லயே உக்கார்ற மாதிரி செஞ்சிருக்காங்க, போடும்போது மேல சொன்ன எப்பாக்ஸி வேலையையும் சேத்துப் பண்ணிடுங்க.

இழுப்பு தாங்குற இடத்துக்கு டைனீமா (நீளாத, ரொம்ப பலமான கயிறு), 4 இல்ல 5 மில்லி. கையால பிடிக்குற வால்பக்கம் கொஞ்சம் தடிமனா, மெத்துன்னு இருக்குற கயிறு. டிராவலருக்கும் (பின்பக்கம் குறுக்கே போற, மெயின்ஷீட் கப்பி ஓடுற கயிறு) டைனீமா தான், வயலின் நரம்பு மாதிரி இறுக்கமா நிக்கணும், தொளதொளன்னு இருந்தா சுக்கான் கட்டையில மாட்டும். மெயின்ஷீட் 6 இல்ல 7 மில்லி, 13 மீட்டர் சொச்சம், தண்ணி குடிக்காத ரகமா பாத்து வாங்குங்க. அதோட வாலை ஹைக்கிங் ஸ்ட்ராப்ல முடிஞ்சு வைங்க, இல்லேன்னா டிரான்சம் (படகோட பின்முனை) பக்கமா நழுவிப் போய் தண்ணியில இழுபடும். மெயின்ஷீட் பிளாக் ராட்செட் (ஒரு பக்கம் மட்டும் சுத்துற சக்கரம்) வெச்சதா இருக்கட்டும், சாயங்காலக் கடல் காத்துல ஒரு மணி நேரம் பிடிச்சா வித்தியாசம் உள்ளங்கைக்குத் தெரியும்.

ஹைக்கிங் ஸ்ட்ராப்பை யோசிக்காம புதுசா போடுங்க. வெயில்ல நூல் செத்துப் போயிருக்கும், முழுசா வெளிய சாஞ்சு தொங்கும்போது அறுந்தா தலைகீழா கடல்ல தான். அதைக் கட்டுற கயிறும் அதே மாதிரி. மாஸ்ட்டைக் குழியோட பிடிச்சு வைக்குற சின்னக் கயிறையும் விட்றாதீங்க, ரூல்ஸ்லயே கட்டாயம், படகு முழுசா கவுந்தா மாஸ்ட் உருவிட்டுப் போகாம அது தான் தடுக்கும்.

டேகர்போர்டு, சுக்கான், பாய்

ஓரத்துல உடைஞ்ச சில்லுங்களை எப்பாக்ஸி புட்டியால நிரப்பி 400 தாளால தேய்ங்க, பெட்டிக்குள்ள இருக்குற ரப்பர் பிரேக் தேஞ்சிருந்தா மாத்துங்க. சுக்கான் தலையில போல்ட் ஆடுச்சுன்னா ஓட்ட ஓட்ட கையில கடகடன்னு உதறும், நைலான் வாஷர் போட்டு முடுக்குங்க. சுக்கான் கழண்டு போகாம பிடிக்குற கிளிப் இருக்கான்னு பாருங்க. கார்பன் டில்லர் அழகு தான். அலுமினியம் வளையாம இருந்தா அதுவே போதும்.

பாயைக் கையில கசக்கிப் பாருங்க. பேப்பர் மாதிரி மொறமொறன்னு இருந்தா உயிர் இருக்கு, லுங்கி மாதிரி தொங்கினா செத்துப் போச்சு. பழகுறதுக்கு மட்டும்னா அங்கீகாரம் இல்லாத மலிவுப் பாய் ஒண்ணு வாங்கிக்கலாம், கிளாஸ் ரேஸ்ல செல்லாது. 2016ல பெரிய பாய்க்கு வந்த மார்க் டூ துணி தடிமன், பழசை விட நாள்பட உழைக்கும். எந்தப் பாயா இருந்தாலும் மடிக்காம சுருட்டி வைங்க, நல்ல தண்ணியில அலசி நிழல்ல காய விடுங்க.

தண்ணியில விடுறது

டிராலி வாங்கும்போது ஹல் விளிம்பைத் தாங்குற ரகமா பாருங்க. ஹல் அடி ரெண்டு கட்டை மேல உக்காந்து சென்னை வெயில்ல வருஷம் முழுக்க நின்னா அந்த இடம் குழிஞ்சு போகும்.

முதல் தடவை காத்து கம்மியா இருக்குற காலை நேரத்துல, லைஃப் ஜாக்கெட் போட்டுட்டு, துறைமுகத்துக்குள்ள இருக்குற மாதிரி அலை அடங்கின தண்ணியில இறக்குங்க. ராயல் மெட்ராஸ் யாட் கிளப்போ தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனோ, பக்கத்துல சேஃப்டி போட்டு நிக்குற இடமா இருந்தா நல்லது. கரையில இருந்து அம்பது மீட்டர் போனதும் வேணும்னே ரெண்டு தடவை கவுத்து நிமித்திப் பாருங்க. எந்த முடிச்சு அவுருது, எந்தக் கயிறு கழுத்துல மாட்டுதுன்னு அப்பவே தெரிஞ்சிடும். ஒரு மணி நேரம் ஓட்டிட்டு கரையேறி, முன்பக்கத்தைத் தூக்கி டிரெயின் பிளக்கைத் திறந்து வர்ற தண்ணியை ஒரு மக்குல பிடிங்க. அரை டம்ளர்னா ஒண்ணும் கவலை இல்ல, பிளக்கோட ஓ ரிங்குல கொஞ்சம் கிரீஸ் தடவிட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. ஒரு லிட்டருக்கு மேல வந்தா சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷும் மறுபடி எடுங்க, இந்தத் தடவை பெயிலரையும் மாஸ்ட் குழியையும் முதல்ல பாருங்க.